மலையுச்சியில் மேகக் கடல்: முதல் நாள் மாலையே கணிப்பது எப்படி?

மலையில் மூடுபனி இருந்தால், உச்சியிலிருந்து பார்க்கையில் காலுக்குக் கீழே கடல்போல் விரியும் மேகப் பரப்பான மேகக் கடலும் இருக்கும் என்று நம்பிப் புறப்படுபவர்களே பெரும்பாலும் ஏமாந்து திரும்புகிறார்கள். மூடுபனி நம்மைச் சூழ்ந்திருக்கிறது என்றால் நாம் மேகத்துக்குள் நிற்கிறோம் என்று பொருள். மேகக் கடல் கண்ணில் பட வேண்டுமானால், அதன் மேற்பரப்பு நாம் நிற்கும் இடத்துக்குக் கீழே அடங்கியிருக்க வேண்டும். ஆகவே மேகம் வருமா என்று பார்ப்பதோடு, எந்த உயரத்தில் அது தடைபட்டு நிற்கும் என்பதையும் கணித்தாக வேண்டும்.

அந்தத் தடை எப்படி உருவாகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்வதே இயல்பு. ஒரு கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆனால் வானம் தெளிந்து காற்று அசையாதிருக்கும் இரவில், நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழப்பதால் அதை ஒட்டியுள்ள காற்றும் குளிர்ந்து கனத்து, மலைச்சரிவுகளில் தண்ணீர்போல வழிந்து பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதற்கு மேலே வெப்பமான காற்று ஒரு மூடியைப்போல் படிந்துவிடுகிறது. இதுவே வெப்பத் தலைகீழ் மாற்றம். உயர் அழுத்தம் நிலவும் நாள்களில் மேலிருந்து இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாவதாலும் இதே மூடி, இன்னும் உயரத்தில் உருவாகும். மூடிக்குக் கீழே சிக்கிய ஈரம், தட்டையாகப் படரும் படைமேகமாகப் பரவுகிறது. மூடிக்கு மேலே காற்று வறண்டிருப்பதால் மேகம் அதைத் தாண்டி வளர முடிவதில்லை. கத்தியால் சீவியதுபோல் மேகத்தின் முகம் சமமாக இருப்பதன் காரணம் இதுதான்.

தேனி மாவட்ட எல்லையில் உள்ள கொழுக்குமலையை எடுத்துக்கொள்வோம். கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் ஏறி அங்கு விடியலைக் காண்பவர்களுக்கு, கிழக்கே போடிநாயக்கனூர்ச் சமவெளி ஆயிரத்தைந்நூறு மீட்டருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது. மூடி நடுவே எங்கு அமைந்தாலும் உச்சி அதற்கு மேலேயே இருக்கும் என்பதுதான் இந்த இடத்தின் சிறப்பு. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மலையே மேகத்துக்குள் மூழ்கிவிடுவதால் அப்போது செல்வதில் பயனில்லை. வடகிழக்குப் பருவமழை சமவெளியை நனைத்த பிறகு, இரண்டு மழைச் சுற்றுகளுக்கு இடையே வானம் வெளுக்கும் நாள்களும், அதையடுத்த ஜனவரியின் ஈரமான காலைகளும் என் கணிப்பில் மிகச் சிறந்தவை.

முதல் நாள் மாலையில் அடிவாரத்து ஊரின் வானிலையைப் பாருங்கள். உச்சியின் வானிலை பெரிதாக உதவாது. ஊரின் வெப்பநிலைக்கும் பனிப்புள்ளிக்கும் (காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலை) உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால், மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் அமையக்கூடும் என்பது தோராயமாகக் கிடைக்கும். வெப்பநிலை 26, பனிப்புள்ளி 22 என்றால் வேறுபாடு 4. மேகத்தின் அடி ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் இருக்கும். இரவு குளிரக் குளிர இந்த வேறுபாடு சுருங்கும். பத்து டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுவது நல்லது. காற்று மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் வீசினாலும் நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். அது அடுக்குகளைக் கலக்கிவிடும். இரவு முழுவதும் உயரத்தில் கீற்று மேகங்கள் அடர்ந்திருந்தால் அவை போர்வையாகிவிடும், நிலம் போதிய அளவு குளிராது.

இன்னும் துல்லியம் வேண்டுவோர், மேலே செல்லச் செல்ல வெப்பநிலையும் ஈரமும் எப்படி மாறுகின்றன என்று காட்டும் வானிலை பலூன் வரைபடத்தைப் படிக்கப் பழக வேண்டும். சற்றுப் பொறுமை தேவைப்பட்டாலும், இதைவிட நம்பகமான கருவி நம் கைக்கு எட்டுவதில்லை. இந்தியாவில் அதிகாலை 5.30, மாலை 5.30 மணி அளவீடுகளுக்காகப் பலூன்கள் ஏவப்படுகின்றன. கொழுக்குமலைக்கு மேற்கே கொச்சியும் கிழக்கே காரைக்காலும் பயன்படும். வரைபடத்தில் வெப்பநிலைக் கோடும் பனிப்புள்ளிக் கோடும் ஒட்டி ஏறிவந்து, ஓர் உயரத்தில் வெப்பநிலைக் கோடு வலப்புறம் சாய, பனிப்புள்ளிக் கோடு சட்டென இடப்புறம் விலகினால், அதுதான் மூடி. அந்த உயரம் நீங்கள் நிற்கப்போகும் உச்சியைவிடக் குறைவா என்று ஒப்பிடுங்கள். தொலைவிலுள்ள நிலையத்தின் அளவீடு என்பதால் சில நூறு மீட்டர் இடைவெளியாவது இருந்தால் நல்லது.

உச்சிக்கு வந்த பின்னும் ஓர் அடையாளம் உண்டு. பள்ளத்தாக்கு இன்னும் திறந்திருந்தால், கீழே எங்கேனும் எழும் அடுப்புப் புகையைக் கவனியுங்கள். அது நேராக எழுந்து, கண்ணுக்குத் தெரியாத கூரையில் முட்டியதுபோல் நின்று, பக்கவாட்டில் பாய் விரித்தாற்போல் படர்ந்தால், மூடி அங்கே இருக்கிறது.

சூரியன் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பே இடம் பிடித்துவிடுங்கள். வெயில் பட்ட சரிவுகள் சூடாகிக் காற்று மேலேறத் தொடங்கியதும், கடல் முதலில் கரையோரங்களில் கிழியும்; எட்டு, ஒன்பது மணிக்குள் துண்டு துண்டாகச் சிதறி நம் முகத்துக்கே ஏறி வரும். அதற்குள் ஒருமுறை திரும்பி நில்லுங்கள். எல்லோரும் கிழக்கையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்நேரத்தில், மேற்குப் பக்கப் பள்ளத்திலும் மூடுபனி தேங்கியிருந்தால், அதன்மேல் உங்கள் நிழல் நீண்டு விழும்; தலையைச் சுற்றி வண்ண வளையமும் தோன்றலாம். ஒவ்வொருவருக்கும் அவரவர் தலையைச் சுற்றிய வளையம் மட்டுமே தெரியும். பக்கத்தில் நிற்பவருக்கு அவருடையது.