விரலால் எண்ணிப் பழகுவோம்: முள்ளந்தண்டும் விலா எலும்புகளும்

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவமோ தாதியமோ படிக்கச் சேர்ந்த பிள்ளைகளும், உயர்தரத்தில் உயிரியல் எடுத்தவர்களும் எலும்புகளைப் படத்தில் பார்த்துத்தான் பாடமாக்குகிறார்கள். கழுத்தில் 7, நெஞ்சறையில் 12, நாரியில் 5 என்று கேட்ட உடனே சொல்வார்கள். “சரி, உன்ட நாலாவது விலாவைத் தொட்டுக் காட்டு பாப்பம்” என்றால் கை தடுமாறும். படம் கையில் இல்லாத இடத்திலும் எலும்பு தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தப் பதிவு.

முழுப் பயிற்சிக்கும் ஒரே விதிதான். மேலே தொடங்கிக் கீழே வரை ஒரே மூச்சில் எண்ணாதீர்கள். விரல் எங்காவது ஒரு எலும்பைத் தாண்டிவிடும், அதற்குக் கீழே எல்லாம் பிழைத்துவிடும். நிச்சயமான ஓர் அடையாளத்தை முதலில் பிடியுங்கள். அதற்குப் பக்கத்தில் இருப்பதை மட்டும் அங்கிருந்து எண்ணுங்கள்.

தேவையானவை: கொஞ்சம் மெலிந்த தம்பியோ தங்கச்சியோ ஒருவர், ஓர் ஐப்ரோ பென்சில், நல்ல வெளிச்சம். நகத்தை வெட்டிக்கொள்ளுங்கள். மட்டக்களப்பு வெக்கையில் பகல் ஏறினால் வியர்வையில் கோடு கரைந்துவிடும், காலையிலேயே செய்துவிடுவது நல்லது. முதுகில் அடிபட்டவர்களிலும் எலும்பு நலிந்த வயதானவர்களிலும் பழக வேண்டாம்.

படி 1: தொடுவது எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிறக்கும்போது முள்ளந்தண்டில் பொதுவாக 33 எலும்புகள் இருக்கும். வளர வளர நாரிக்குக் கீழே உள்ள 5 எலும்புகள் ஒன்றாகி ஒரே திருவென்பாகும், அதற்கும் கீழே உள்ள 4 சிறு எலும்புகள் சேர்ந்து குயிலலகாகும். அதனால்தான் பெரியவர்களில் 26 என்று எண்ணுகிறோம்.

முதுகின் நடுவே விரலில் தட்டுவது எலும்பின் உடல் அல்ல, பின்பக்கம் நீளும் முள்ளின் நுனி. பாரம் தாங்கும் உடல் உள்ளே, முன்பக்கமாக இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள துவாரத்தின் வழியே மூளையிலிருந்து வரும் நரம்புத் தண்டான முண்ணாண் இறங்குகிறது.

படி 2: கழுத்தின் அடியில் 7ஆவது எலும்பு

தம்பியைக் கதிரையில் இருத்தி, நாடி நெஞ்சில் படும்படி குனியச் சொல்லுங்கள். கழுத்தடியில் இரண்டு முண்டுகள் துருத்தும். எது 7ஆவது? பார்வையை நம்ப வேண்டாம், சிலருக்கு நெஞ்சறையின் முதலாவது எலும்புதான் அதிகம் துருத்தும்.

ஒவ்வொன்றிலும் ஒரு விரலை வையுங்கள். இப்போது தலையை மெதுவாக நிமிர்த்தி, கொஞ்சம் பின்னுக்குச் சாய்க்கச் சொல்லுங்கள். மேல் விரலின் கீழிருந்த முண்டு உள்ளே வழுக்கிப் போய்விட்டால் அது 6ஆவது. அசையாமல் நிற்பது 7ஆவது. இரண்டுமே அசையவில்லையா? அப்படியானால் பெரும்பாலும் மேல் விரலில் இருப்பதுதான் 7ஆவது. ஒரு எலும்பு மேலே போய்த் திரும்பவும் பாருங்கள். இந்த வழுக்கலை விரல் ஒருமுறை உணர்ந்துவிட்டால் பிறகு மறக்காது. 7ஆவதில் கோடு போடுங்கள்.

மண்டைக்குக் கீழே முதலாவது எலும்பைத் தேடி மினக்கெட வேண்டாம். அது வெறும் வளையம், உடலும் இல்லை, முள்ளும் இல்லை. நடுக்கோட்டில் முதலில் தட்டுவது 2ஆவதின் முள்தான். ‘ஓம்’ என்று தலையாட்டும்போது மண்டையோடு முதலாவதன் மேல் அசைகிறது. ‘இல்லை’ என்று திருப்பும்போது பெரும்பாலான திருப்பம் முதலாவதுக்கும் 2ஆவதுக்கும் இடையில் நடக்கிறது.

படி 3: நெஞ்சறை

கைகளைத் தொங்கவிடச் சொல்லி, தோட்பட்டை எலும்பின் கீழ் மூலையைப் பிடியுங்கள். அந்த மட்டத்தில் ஏறத்தாழ நெஞ்சறையின் 7ஆவது முள் இருக்கும்.

இங்கே ஆரம்பக்காரர் எல்லோரும் இடறுவார்கள். நெஞ்சறையின் நடுப்பகுதி முட்கள் நேரே பின்னுக்கு நீளுவதில்லை. கூரைக்குக் கட்டிய கிடுகுபோல ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கீழ்நோக்கிக் கிடக்கின்றன. 7ஆவதின் நுனியில் விரல் இருக்கும்போது உள்ளே அதற்கு நேரே இருப்பது 8ஆவதின் உடல். 7ஆவது விலா பொருந்தும் இடம் உங்கள் விரலுக்கு மேலே இருக்கிறது.

படி 4: நாரி

இரண்டு உள்ளங்கைகளையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் வைத்து, பெருவிரல்களை நடுவில் சேருங்கள். அங்கே நாரியின் 4ஆவது முள், அல்லது அதன் கீழ் இடைவெளி. உடம்பு பருத்தவர்களில் கை தசைக்கு மேலேயே நின்றுவிடும், அப்போது ஒரு எலும்பு மேலே பிடித்துவிடுவீர்கள். நன்றாக அழுத்தி விளிம்பைத் தேடுங்கள்.

பெரியவர்களில் முண்ணாண் நாரியின் முதலாவது, 2ஆவது எலும்பு மட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதனால்தான் முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கும் வைத்தியர் இந்தப் பெருவிரல் கோட்டைத் தேடுகிறார். நாரி எலும்புகள் பருத்தவை, அவற்றின் முட்கள் அகலமாக, நேரே பின்னுக்கு நிற்கும். நாள் முழுக்க வயல் வட்டைக்குள் குனிந்து நின்றவர் நாரி உளையுது என்று கை வைக்கும் இடம் இதுதான். மேலுடம்பின் பாரம் முழுவதும் இங்கே இறங்குகிறது. எலும்புகளுக்கு இடையில் மெத்தைபோல இருக்கும் இடைத்தட்டு பிதுங்குவதும் இதன் கடைசி இரண்டு இடைவெளிகளிலேதான் அதிகம்.

படி 5: முன்பக்கம்

இப்போது உங்கள் நெஞ்சிலேயே பார்க்கலாம். தொண்டைக்குழியில் விரலை வைத்து, மார்பெலும்பின் மேலாக நேரே கீழே இழுங்கள். நாலைந்து சென்ரிமீற்றரில் குறுக்கே ஒரு மேடு தட்டும். சிலருக்கு அது மெல்லியதாக இருக்கும், விரலை மேலும் கீழும் அசைத்தால் அகப்படும். அங்கிருந்து பக்கவாட்டில் நகர்த்துங்கள். விரல் ஏறுவது 2ஆவது விலாவில். முதலாவது விலா காறையெலும்புக்குக் கீழே ஒளிந்திருக்கிறது, அதை நம்பி எண்ணத் தொடங்கினால் கணக்குப் பிழைக்கும்.

2ஆவதின் கீழே உள்ள பள்ளம் 2ஆவது இடைவெளி. அப்புறம் 3ஆவது விலா, 3ஆவது இடைவெளி, இப்படியே இறங்குங்கள். மார்பெலும்பை ஒட்டி எண்ணினால் கீழே கசியிழையங்கள் (விலாக்களின் முன் நுனியில் உள்ள குருத்தெலும்புகள்) நெருங்கிக் குழப்பும், கொஞ்சம் வெளியே தள்ளி எண்ணுங்கள். ஈசீஜி எடுக்கும் தாதி முதல் இரண்டு வயர்களையும் 4ஆவது இடைவெளியில், மார்பெலும்பின் இருபுறமும் ஒட்டுவது இப்படி எண்ணித்தான். ஓர் இடைவெளி மாறினாலே வரைபு மாறிவிடலாம். எண்ணிக்கையில் நான் இவ்வளவு கண்டிப்பாக நிற்பது அதனால்தான்.

முதல் 7 சோடி நேரே மார்பெலும்பைச் சேர்கின்றன. 8, 9, 10 பெரும்பாலும் தங்களுக்கு மேலே உள்ள கசியிழையத்தோடு ஒட்டிக்கொள்ளும். 11, 12 முன்னால் எதையும் சேராமல் தசைக்குள் முடிகின்றன. ஆணுக்கு ஒரு விலா குறைவு என்று கேட்டிருப்பீர்கள், எண்ணிப் பாருங்கள், இருபாலாருக்கும் 12 சோடிதான்.

படி 6: கணக்கைச் சரிபாருங்கள்

தம்பியின் முதுகுக்குத் திரும்புங்கள். கழுத்தில் போட்ட கோட்டிலிருந்து கீழே 12 முட்களை எண்ணி ஒரு கோடு போடுங்கள். பிறகு பெருவிரல் கோட்டில் பிடித்த நாரியின் 4ஆவதிலிருந்து மேலே 3, 2, 1 என்று ஏறுங்கள். அடுத்து வரும் முள் உங்கள் 12ஆவது கோட்டில் விழ வேண்டும். விழாவிட்டால் முதலில் பெருவிரல் கோட்டைத் திருத்திப் பாருங்கள். அப்போதும் சேரவில்லை என்றால் சரிந்து கிடக்கும் முட்களில் ஒன்றைத் தாண்டியிருப்பீர்கள். தோட்பட்டை மூலையிலிருந்து அந்தப் பகுதியை மட்டும் திரும்ப எண்ணுங்கள்.