வரலாற்றில் எம்.ஏ. படிக்கப் போகிறீர்களா? வரிசையைத் திருப்பிப் போடுங்கள்

வரலாற்றில் முதுகலை படிக்க நினைப்பவர்களில் பெரும்பாலானோர் முதலில் தேடுவது எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்பதைத்தான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரு கேள்வி, அப்புறம் அதற்கான ஆவணங்கள் எங்கே, எந்த மொழியில் இருக்கின்றன என்பது, பிறகு உங்கள் ஆய்வை வழிநடத்தும் நெறியாளர், அதற்குப் பிறகு போதும் பல்கலைக்கழகம்.

அதற்கும் முன்னால், எதற்காகப் படிக்கிறீர்கள் என்று முடிவு செய்துவிடுங்கள். ஆசிரியர் வேலைக்கோ போட்டித் தேர்வுக்கோ என்றால் தாள்களை மட்டும் எழுதி முடிக்கிற படிப்பே போதும். பிஎச்.டி. எண்ணம் இருந்தால் ஆய்வேடு எழுத வைக்கிற படிப்பாகப் பாருங்கள். பிரிட்டனில் முழுநேர எம்.ஏ. பெரும்பாலும் ஒரே ஆண்டு, இந்தியாவில் இரண்டு. ஒரு ஆண்டுப் படிப்பில் சேர்ந்த பிறகு தலைப்பு தேட நேரமே இருக்காது, கையோடு கொண்டுபோக வேண்டும்.

சரி, கேள்வி எப்படி இருக்க வேண்டும்? 'இரண்டாம் உலகப் போர்' என்பது கேள்வியே இல்லை, அது ஒரு நூலகத்தின் பாதி. 'ஒரு துறைமுக நகரத்தில் போர்க்காலப் பங்கீட்டு விதிகளை மீறியவர்களில் சிலர் மட்டும் ஏன் தண்டிக்கப்பட்டார்கள்?' என்று கேட்டால் நீதிமன்றப் பதிவுகள், நகராட்சிக் கோப்புகள், அந்தக் காலத்துச் செய்தித்தாள்கள் என்று எங்கே போய்த் தேடுவது என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடுகிறது.

மொழி விஷயத்தில் பலரும் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை எடுத்துக்கொள்ளுங்கள்: 1602 முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை இயங்கிய அந்தக் கம்பெனியின் ஆவணங்கள் இன்று ஹேக், ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப் டவுன் என்று சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் படிக்க இன்றைய டச்சு தெரிந்தாலே போதாது, அந்தக் காலத்துக் கையெழுத்தையும் படிக்கப் பழக வேண்டும். மொழிபெயர்ப்பை மட்டும் நம்பினால், வேறொருவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பக்கங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பீர்கள். புது மொழி கற்க ஆண்டுகள் இல்லையென்றால் தெரிந்த மொழியில் ஆவணம் உள்ள கேள்வியை எடுங்கள், அதில் ஒரு குறைச்சலும் இல்லை.

படிப்பு தொடங்கியதும் எல்லோரையும் திணறடிப்பது வரலாற்று வரைவியல்தான், அதாவது ஒரு விஷயத்தைப் பற்றி இதுவரை யார் என்ன வாதிட்டார்கள் என்பது. நாஜி ஜெர்மனியின் 101ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் போலந்தில் யூதர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அந்த ஆட்கள் 1960களில் விசாரணையில் கொடுத்த வாக்குமூலங்களைப் படித்த வரலாற்றாசிரியர் கிறிஸ்டோபர் பிரவுனிங், சாதாரண மனிதர்களைக் கூட்டாளிகளின் அழுத்தமும் கீழ்ப்படிதலும் கொலைகாரர்களாக்கின என்று 1992இல் எழுதினார். இன்னொரு ஆய்வாளரான டேனியல் கோல்டுஹேகன் அதே பதிவுகளை வைத்து, ஜெர்மானியர்களிடம் ஊறிப்போயிருந்த யூத வெறுப்புதான் காரணம் என்று 1996இல் வாதிட்டார். கொன்றவர்கள் பிற்பாடு தங்களைப் பற்றிச் சொன்னதை எவ்வளவு நம்பலாம் என்பதில்தான் இருவரும் பிரிகிறார்கள். வகுப்பில் உங்களிடம் எதிர்பார்ப்பது இந்த இடத்தைக் கண்டுபிடிப்பதைத்தான், தேதிகளை ஒப்பிப்பதை அல்ல.

வாரத்துக்குச் சில நூறு பக்கங்கள் வந்து விழும், எல்லாவற்றையும் வரிவரியாகப் படிக்க முடியாது. முன்னுரை, முடிவுரை, அடிக்குறிப்புகள், ஆய்விதழ்களில் வந்த மதிப்புரைகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, உங்கள் கேள்வியைத் தொடுகிற அத்தியாயத்தை மட்டும் முழுதாகப் படியுங்கள். மேற்கோள்களைச் சேமிக்க ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள்.

ஆவணக் காப்பகத்துக்குப் போகும் முன் அதன் விதிகளைப் படித்துவிடுங்கள். பேனாவுக்குத் தடை, பென்சில் மட்டும் என்பது பல இடங்களில் வழக்கம். அரசுக் கோப்புகள் குறிப்பிட்ட ஆண்டுகள் கழித்தே திறக்கப்படும் என்பதால், உங்களுக்கு வேண்டியது இன்னும் மூடியே இருக்கலாம். படம் எடுக்க அனுமதி இருந்தால் கோப்பு எண் தெரிகிற அட்டையை முதலில் எடுங்கள், பக்கங்கள் அப்புறம். எண் இல்லாத படத்தை வைத்து அடிக்குறிப்பு போட முடியாது.

நெறியாளரைப் பெயருக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள். புகழ்பெற்றவர் நீங்கள் படிக்கிற ஆண்டில் விடுப்பில் இருக்கலாம், எழுதியதைப் படித்துத் திருத்த நேரமில்லாமலும் இருக்கலாம். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடம், அத்தியாயத்தைக் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் அவருக்கே எழுதுங்கள்: உங்கள் கேள்வி, பார்க்கப்போகும் ஆவணங்கள், தெரிந்த மொழிகள், அவருடைய எந்தக் கட்டுரையிலிருந்து இந்த யோசனை வந்தது என்பது, எல்லாம் பத்து பன்னிரண்டு வரிக்குள். 'சிறு வயதிலிருந்தே வரலாறு பிடிக்கும்' என்ற வரியை மட்டும் எடுத்துவிடுங்கள், வருகிற விண்ணப்பங்களில் பாதி அப்படித்தான் ஆரம்பிக்கும்.