“தம்பி, விலை எங்கே இருக்கு?” – இணையதளம் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழ வியாபாரிக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, மல்கோவா என எல்லா ரகத்துக்கும் அன்றன்றைய விலை முகப்பிலேயே தெரியும். பாலக்கோட்டில் எனக்குப் பழக்கமான ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், பார்வையற்றவர். அவருக்கு லிங்க் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. “தம்பி, மாம்பழம் விக்கறீங்கன்னு புரியுது. விலை எங்கே இருக்கு?”

விலைப் பட்டியல் மொத்தமும் ஒரே படமாக இருந்ததுதான் கோளாறு. அவர் கணினியில் இருப்பது என்விடிஏ. திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள், அதாவது திரை வாசிப்பான். எழுத்தாக இருந்தால் வாசிக்கும். படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தானாக வாசிக்காது. தட்டினால் பெரிதாகும்படி அந்தப் படத்தை வைத்திருந்தேன். அதனால் அவருக்குக் கேட்டது படக்கோப்பின் பெயரும் நீளமான ஓர் எண்ணும் மட்டும்.

நம் பக்கம் அதிகம் நடக்கும் தவறு இது. வாட்ஸ்அப்புக்குச் செய்த போஸ்டரையே தளத்திலும் ஏற்றிவிடுகிறோம். படத்தில் என்ன இருக்கிறது என்று வாசிப்பானுக்குச் சொல்லும் மாற்று உரை எழுதினால் போதுமே என்பார்கள். மாந்தோப்பு போட்டோவுக்கு அது சரி. இருபது விலைகளை மாற்று உரையில் திணித்தால் கேட்கிறவருக்கு மூச்சு முட்டும். பட்டியலை நிஜ அட்டவணையாக, தலைப்பு வரிசையோடு போட்டால்தான் கட்டம் கட்டமாக நகர்ந்து கேட்க முடியும். ஸ்கேன் செய்து போடும் பிடிஎஃப்புக்கும் இதே கதை.

அடுத்தது தமிழுக்கே உரிய தவறு, பழைய எழுத்துரு. டிடிபி கடையிலிருந்து பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த பக்கம் வரும். அப்படியே ஒட்டி, எழுத்துருவையும் சேர்த்துவிட்டால் கண்ணுக்குத் தமிழாகவே தெரியும். ஆனால் ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் உள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றுதான் இருக்கும். வாசிப்பான் அதைத்தான் உச்சரிக்கப் பார்க்கும். தமிழ் எழுத்துகளைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-இல். இன்னமும் பாமினியை விடாமல் பிடித்திருப்பதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. மாற்றித் தரும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

யூனிகோடுக்கு மாறியதும் வேலை முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. வாங்கிய டெம்ப்ளேட்டில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று இருந்தது. வாசிப்பான் ஆங்கிலக் குரலுக்கு மாறிவிட, சில குரல்கள் தமிழ் எழுத்துகளைத் தாண்டியே போய்விடும். மொழிக் குறியீட்டைத் தமிழ் என்று மாற்ற அரை நிமிடம்கூட ஆகாது.

ஒகேனக்கலில் தங்கும் விடுதி ஒன்றுக்கு முன்பதிவுப் பக்கம் செய்தபோது வேறு பாடம். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் தட்டி நகர்ந்து பார்த்தேன். கை நடுக்கம் உள்ளவர்கள் பலர் இப்படித்தான் பயன்படுத்துகிறார்கள். எந்தப் பெட்டியில் நிற்கிறோம் என்பதே தெரியவில்லை. அதைக் காட்டும் கோட்டை, அழகாக இல்லையென்று நானே எடுத்துவிட்டிருந்தேன்! ‘பெயர்’, ‘கைபேசி எண்’ என்பவையும் பெட்டிக்குள் மங்கலாகத்தான் இருந்தன, தட்டச்சு செய்யத் தொடங்கியதும் மறைந்துவிடும். பெட்டிக்கு வெளியே, அதோடு இணைத்து எழுத வேண்டும். தவறாக நிரப்பிய பெட்டியைச் சிவப்பாக்கினால் மட்டும் போதாது, என்ன தவறு என்று எழுத்திலும் சொல்ல வேண்டும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு இருக்க வேண்டும் என்கிறது, எல்லோரும் பயன்படுத்தும்படி தளம் செய்வதற்கான டபிள்யூசிஏஜி எனும் உலகத் தரம். பரிசல் பயண வீடியோவில் பேச்சு இருந்தால் அதை எழுத்தில் காட்டும் வரிகள் கீழே வேண்டும்.

“ஒரு வரி நிரல் சேருங்கள், தளம் தானாகச் சரியாகிவிடும்” என்று விற்கும் கருவிகளை மட்டும் நம்பாதீர்கள். அப்படிச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு அமெரிக்காவில் 2025-இல் பத்து லட்சம் டாலர் கட்டும்படி ஆனது.

இங்கே 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதியை எட்டுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்றது. அந்த வழக்குக்குப் போனவர்களில் அமிலத் தாக்குதலுக்கு ஆளானவர்களும் உண்டு. வங்கி போன்ற இடங்களில் அடையாளத்தை உறுதிசெய்யும் கேஒய்சி சரிபார்ப்பில் கண் சிமிட்டச் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்?

ஒகேனக்கல் பக்கத்தில் தேதி தேர்ந்தெடுக்கும் நாட்காட்டி இன்னும் ஆசிரியரின் வாசிப்பானுக்கு மசியவில்லை. இப்போதைக்குத் தேதியை நேராகத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி வைத்து, கீழே போன் நம்பரும் போட்டிருக்கிறேன். “காது கேக்காதவங்க எப்படிப் போன் பண்ணுவாங்க?” என்றார். வாட்ஸ்அப் எண்ணையும் சேர்த்தேன்.