மேற்படிப்புக்கு சீட் கிடைத்த பிறகு கடைசி செமஸ்டர் மதிப்பெண்ணைக் காப்பாற்றுவது எப்படி?

மார்ச் பிறந்தால் பெங்களூருவில் அல்சூர் பக்கம் எங்கள் தெருவில் யாராவது ஒரு வீட்டிலிருந்து இனிப்பு வரும். பெண்ணுக்கு வெளிநாட்டில் எம்.எஸ். சீட், பையனுக்கு கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் எம்.டெக். சீட் என்று. அன்றிலிருந்துதான் படிப்பு தளர ஆரம்பிக்கும்.

எனக்கும் அதுதான் நடந்தது. ஆஃபர் வந்த வாரம் மாமா வீட்டுக்கு வந்து, "அதான் சீட் கிடைச்சிடுச்சே, இன்னும் எதுக்கு ராத்திரி கண்ணு முழிக்கிறே?" என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒரு எலெக்டிவ் (விருப்பப்) பாடத்தை அப்படியே விட்டுவிட்டேன். இன்டர்னலில், அதாவது செமஸ்டர் நடக்கும்போதே கல்லூரி போடும் மதிப்பெண்ணில், 50க்கு 41 வைத்திருந்த தைரியம். இறுதித் தேர்வில் வந்தது 50க்கு 15. தமிழ்நாட்டில் அரியர் என்பதை இங்கே பேக்லாக் என்பார்கள். அதைத் திரும்ப எழுதித் தேறுவதற்குள் சேர வேண்டிய தேதி தாண்டிவிட்டது, சீட்டும் போய்விட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதன் வலி எனக்குத் தெரியும். இந்த வருடம் கடைசி செமஸ்டரில் இருக்கும் ஒருவருக்கும் அது நடக்கக் கூடாது என்றுதான் இதை விரிவாக எழுதுகிறேன்.

படி 1: ஆஃபர் கடிதத்தைப் பென்சிலும் கையுமாகப் படியுங்கள்

முதல் வரியில் வாழ்த்து இருக்கும். அதற்குக் கீழே 'கண்டிஷனல்', 'ப்ரொவிஷனல்', 'சப்ஜெக்ட் டு' என்ற சொற்கள் எங்கே வருகின்றன என்று தேடி அடிக்கோடு போடுங்கள். பிறகு ஒரு தாளில் நான்கு விஷயங்களை எழுதுங்கள்: நிபந்தனை என்ன, எவ்வளவு மதிப்பெண் கேட்கிறார்கள், எந்தத் தேதிக்குள், எந்தச் சான்றிதழ்.

பிரிட்டன் பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் ஒரு எண்ணே கொடுத்திருப்பார்கள். அதை எட்டியதைக் காட்டும் வரை சிஏஎஸ் எண் (சேர்க்கையை உறுதிசெய்து பல்கலைக்கழகம் தருவது) வராது, அது வராமல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. அமெரிக்கக் கடிதங்களில் எண் இல்லாமல், பட்டத்தை முடித்து இறுதி டிரான்ஸ்கிரிப்ட் (எல்லா செமஸ்டர் மதிப்பெண்ணும் உள்ள அதிகாரபூர்வத் தொகுப்பு) அனுப்ப வேண்டும் என்று மட்டும் இருப்பது வழக்கம். எண் இல்லை என்பதால் சும்மா இருந்துவிடலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரிய சரிவைப் பார்த்தால் அவர்கள் கேள்வி கேட்கலாம். ஐஐடி, ஐஐஎஸ்சி போன்ற இடங்களில் ரிசல்ட் வராதவர்களுக்குத் தற்காலிக அனுமதிதான். குறைந்தபட்ச மதிப்பெண்ணோடு தேறியதற்கான சான்றைக் குறித்த தேதிக்குள் காட்ட வேண்டும். பல இடங்களில் அந்தத் தேதி செப்டம்பர் 30ஆக இருக்கும். ஆனாலும் உங்கள் கடிதத்தில் உள்ள தேதிதான் கணக்கு.

கடிதம் புரியவில்லையா? சீனியரிடம் கேட்பதை விட அந்தத் துறைக்கே இரண்டு வரியில் மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். அதில் தவறே இல்லை.

படி 2: உங்களுக்கு எவ்வளவு தேவை என்று கணக்குப் போடுங்கள்

பயமாக இருந்தாலும் அலட்சியமாக இருந்தாலும், கணக்குப் போட்டால் இரண்டுமே தெளிந்துவிடும். மொத்தம் 160 கிரெடிட் (பாடங்களுக்குத் தரும் எடை) என்று வைத்துக்கொள்வோம். இதுவரை 140 கிரெடிட் முடித்து சிஜிபிஏ (இதுவரையான எல்லா செமஸ்டர்களின் சராசரி, பத்துக்கு) 8.2. கடைசி செமஸ்டருக்கு 20 கிரெடிட்.

இதுவரை சேர்த்தது: 140 × 8.2 = 1148.

கடைசி செமஸ்டரில் எஸ்ஜிபிஏ (அந்த ஒரு செமஸ்டரின் சராசரி) 6.0 மட்டும் வந்தால் 1148 + 120 = 1268. அதை 160ஆல் வகுத்தால் 7.925. ஒரே செமஸ்டரில் எட்டுக்குக் கீழே வந்துவிட்டீர்கள். சரி, எட்டு வேண்டுமென்றால்? 160 × 8 = 1280. அதில் 1148ஐக் கழித்தால் 132. அதை 20ஆல் வகுத்தால் 6.6. அவ்வளவுதான் தேவை.

பாருங்கள், 9.5 எடுக்க வேண்டியதில்லை. 6.6க்குக் கீழே போகாமல் இருந்தால் போதும். உங்கள் சொந்த எண்களை வைத்து இதைப் போட்டு, கிடைக்கும் விடையைப் பெரிதாக எழுதி மேசைக்கு மேலே ஒட்டுங்கள். கடிதம் சதவீதத்தில் கேட்டிருந்தால், உங்கள் பல்கலைக்கழகம் உங்கள் ஸ்கீமுக்கு (பாடத்திட்டத்துக்கு) அறிவித்துள்ள மாற்றுக் கணக்கைத்தான் பயன்படுத்த வேண்டும். இணையத்தில் கண்ட சூத்திரத்தை எடுத்தால் தப்பாகிவிடும்.

படி 3: ஒரு பாடத்திலும் விழாதீர்கள்

மற்ற எல்லாப் படிகளையும் விட இதுதான் முக்கியம். சிஜிபிஏ கொஞ்சம் இறங்கினால் பேசிப் பார்க்கலாம். ஒரு பேக்லாக் இருந்தால் பட்டமே முடியவில்லை என்றுதான் அர்த்தம், அங்கே பேச இடமில்லை.

பெங்களூருவின் பொறியியல் கல்லூரிகளில் பெரும்பாலானவை விடியூவோடு (விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தோடு) இணைந்தவை, அதனால் அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். (தன்னாட்சிக் கல்லூரி என்றால் உங்கள் கையேட்டைப் பாருங்கள்.) 2022 ஸ்கீமில் இன்டர்னலுக்கு 50, இறுதித் தேர்வுக்கு 50. இன்டர்னலில் குறைந்தது 20, இறுதித் தேர்வில் குறைந்தது 18, இரண்டும் சேர்ந்து 40 வர வேண்டும். மூன்றுமே தனித்தனி நிபந்தனைகள். இன்டர்னலில் 45 வைத்திருந்தாலும் இறுதித் தேர்வில் 17 என்றால் ஃபெயில்தான். நான் விழுந்த குழி இதுவேதான்.

இறுதித் தேர்வுத் தாளின் அமைப்பே நமக்கு வழி காட்டும். ஐந்து மாட்யூல் (பாடப் பகுதி), ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்வி, அதில் ஒன்றுக்கு விடை. ஒவ்வொரு முழுக் கேள்விக்கும் 20 மதிப்பெண். நூற்றுக்கு எழுதியதைப் பிறகு ஐம்பதாகச் சுருக்குவார்கள். அதனால் ஒரு மாட்யூலை முழுதாக விட்டால் 20 போய்விடும். இரண்டை விட்டால், தேறுவதற்கே மீதி மூன்றின் 60 மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் எடுத்தாக வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். பாடம் பாடமாகப் பழைய கேள்வித்தாள்களை எடுங்கள், ஐந்தாறு போதும். மாட்யூல் வாரியாகக் கேள்விகளைப் பிரித்து எழுதினால் திரும்பத் திரும்ப வருபவை தெரிந்துவிடும். முதல் சுற்றில் ஒவ்வொரு மாட்யூலிலும் ஒரு முழுக் கேள்வி அளவுக்கு உறுதியாகத் தயாராகுங்கள். தேர்ச்சி உறுதியாகிவிடும். இரண்டாம் சுற்று மதிப்பெண்ணை ஏற்றுவதற்கு. பிடிக்காத பாடத்தை முதலில் எடுங்கள், ஏனென்றால் நாம் விடுவது எப்போதும் அதைத்தான்.

ப்ராஜெக்ட், இன்டர்ன்ஷிப்பையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். கடைசி வருடத்தில் கிரெடிட் குவிந்திருப்பது அவற்றில்தான். வாரம் ஒரு முறை கைடு முன்னால் போய் நின்று, செய்ததை ஒரு பக்கத்தில் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வைவா (வாய்மொழித் தேர்வு) அன்று அந்தப் பக்கங்கள் பேசும்.

படி 4: வருகைப்பதிவை எண்ணுங்கள்

விடியூவில் ஒவ்வொரு பாடத்துக்கும் 85 சதவீதம் வருகை வேண்டும். ஒரு பாடத்துக்கு 60 வகுப்பு என்றால் 51க்கு வந்தாக வேண்டும், விடக்கூடியது 9 மட்டுமே. இப்போது ஆஃபர் வந்தவருடைய நாட்காட்டியைப் பாருங்கள்: விசா நேர்காணலுக்காகச் சென்னைக்கோ ஐதராபாத்துக்கோ பயணம், கல்விக் கடனுக்கு வங்கியில் மூன்று நாள், ஊரில் ஒரு கல்யாணம், கிளம்பும் முன் குலதெய்வம் கோயில். ஒன்பது வகுப்பு எங்கே போனது என்றே தெரியாது. வங்கி வேலையை முடிந்தவரை அப்பா அம்மாவிடம் விடுங்கள், உங்கள் கையெழுத்து தேவைப்படும் நாளில் மட்டும் போங்கள். குலதெய்வம் தேர்வு முடியும் வரை காத்திருக்கும்.

படி 5: நேரத்தைச் சிறியதாக வெட்டுங்கள்

இந்த ஊரில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காது. அல்சூரிலிருந்து கெங்கேரி வரை பர்ப்பிள் லைன் மெட்ரோவில் முக்கால் மணி நேரம் போலப் பிடிக்கும். போக வர ஒன்றரை மணி. நின்றுகொண்டு எழுத முடியாது, ஆனால் முந்தைய இரவு எழுதிய விடையைப் படிக்கலாம். வீட்டில் ஒரு மணி நேரம், கடிகாரம் வைத்து ஒரே ஒரு 20 மதிப்பெண் கேள்வியை எழுதிப் பாருங்கள். படித்துப் புரிந்ததாக நினைப்பது வேறு, எழுதி முடிப்பது வேறு.

அப்புறம், ஆஃபர் வந்தவர்கள் சேரும் வாட்ஸாப் குழுக்கள். எந்த ஊரில் வீடு, எந்த விமானம் என்று இரவு முழுக்க ஓடும். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை பார்த்தால் போதும், ஒன்றும் தவறிப்போகாது.

படி 6: மதிப்பெண் குறைந்துவிட்டால்

முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பியுங்கள். அதை அந்தப் பாட ஆசிரியரிடம் காட்டி, வாய்ப்பு இருக்கிறது என்று அவர் சொன்னால் மறுமதிப்பீட்டுக்குக் கட்டணம் கட்டுங்கள். ரிசல்ட் வந்த பிறகு இதற்குக் கொடுக்கும் அவகாசம் சில நாட்கள்தான், எனவே அறிவிப்பை அன்றன்றைக்குப் பாருங்கள்.

அதே வாரம் சேரப்போகும் துறைக்கு நீங்களே எழுதுங்கள். அவர்களாகக் கண்டுபிடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம். நான் எழுதாமல் மூன்று வாரம் ஒளிந்திருந்தேன். அந்த மூன்று வாரம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது. கடிதத்தில் என்ன நடந்தது, இப்போதைய மதிப்பெண் என்ன, மறுமதிப்பீடு அல்லது மறுதேர்வு எப்போது, அதுவரை அவகாசம் கிடைக்குமா, இல்லையென்றால் சேர்க்கையை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று ஐந்து வரியில் கேளுங்கள். தள்ளிவைக்கும்போது உதவித்தொகையும் கூடவே வருமா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும், பல நேரம் வராது. காரணம் உடல்நலமோ வீட்டில் ஒரு சாவோ என்றால் தயங்காமல் சொல்லுங்கள், சான்று இருந்தால் இணையுங்கள்.

படி 7: காகிதங்களும் பெயரும்

தேர்வு முடிந்ததும் எல்லா செமஸ்டர் மதிப்பெண் பட்டியலும் கையில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். தற்காலிகப் பட்டச் சான்றிதழுக்கும் டிரான்ஸ்கிரிப்டுக்கும் வாய்ப்பு வந்த முதல் நாளே விண்ணப்பியுங்கள். பட்டமளிப்பு விழா வரை காத்திருந்தால் சேரும் தேதி கடந்துவிடும்.

தமிழ்ப் பெயர்க்காரர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. மதிப்பெண் பட்டியலில் ஓர் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப் பெயர் குடும்பப் பெயர் இடத்தில். இரண்டையும் பார்க்கும் வெளிநாட்டு அலுவலருக்கு இரண்டு ஆட்கள்போலத் தோன்றும். எழுத்துப்பிழை என்றால் கல்லூரியில் இருக்கும்போதே திருத்தச் சொல்லி எழுதிக் கொடுங்கள், பட்டச் சான்றிதழ் அச்சானபின் திருத்துவது பெரும்பாடு. இன்ஷியல் வேறுபாடு மட்டும்தான் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட் எடுத்து வையுங்கள்.

டிரான்ஸ்கிரிப்டைத் தாளாகக் கேட்டிருந்தால் முத்திரையிட்ட உறையில் இரண்டு பிரதி கூடுதலாக வாங்குங்கள். உறையின் மேல் 'பிரிக்கக் கூடாது' என்று தமிழிலேயே எழுதி பீரோவில் வையுங்கள். வீட்டில் பாட்டி ஆசையாகப் பிரித்துப் பார்த்துவிட்டால் மறுபடி விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும்.