பரணில் கிடக்கும் கண்ணாடி நெகட்டிவுக்கு வெயிலே போதும்

கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகளில் பரணைத் துழாவினால் சில சமயம் தாத்தா காலத்துக் கண்ணாடி நெகட்டிவ் கிடைக்கும். தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், வெயிலிலேயே அதிலிருந்து தாளில் படம் எடுத்துவிடலாம்.

முதலில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 4¾-க்கு 6½ அங்குலம் என்றால் ஆஃப் பிளேட். 6½-க்கு 8½ என்றால் ஃபுல் பிளேட். இந்த அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் கருவியே வேண்டாம். ஒளிபட்டால் படம் பதியும் தாளோடு ஒட்டவைத்து ஒளி காட்டினால் அதே அளவில் படம் வந்துவிடும். பெரிதாக்காததால் பட்டுப்புடவையின் ஜரிகைகூடத் தெளிவாகத் தெரியும், அந்த அழகே தனி!

வீட்டில் செய்ய எளியது சயனோடைப், அதாவது நீல நிறத்தில் படம் தரும் முறை. ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு இரண்டின் கரைசலையும் கலந்து, மங்கலான குண்டு பல்பு வெளிச்சத்தில் தாளில் பூசி, இருட்டில் காயவிடுங்கள். கையுறை அவசியம். நெகட்டிவின் மங்கலான பக்கம்தான் தாளைத் தொட வேண்டும். பளபளப்பான பக்கத்தை வைத்தால் படம் இடவலம் மாறி, கூர்மையும் போய்விடும்.

நம் ஊர் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். தாளில் துளி ஈரம் இருந்தாலும் நெகட்டிவில் படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலம் ஒட்டி உரிந்துவிடும். அப்படி ஒரு கல்யாணப் படத்தை இழந்தேன், இன்றும் மனது ஆறவில்லை. பங்குனி வெயிலிலும் நடுவில் மெல்லிய பாலியெஸ்டர் தாள் ஒன்று வைத்தே செய்கிறேன்.

வெயில் காட்டியபின் தண்ணீரில் அலசினால் நீலப் படம் தெளியும். போர் தண்ணீரில் காரத்தன்மை இருந்தால் நீலம் வெளுக்கும், முதல் அலசலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விடுங்கள்.