கவர்னருக்குப் போற வாராந்திர ரிப்போர்ட்ல எங்க சொதப்புறாங்க

முதல்லயே சொல்லிடறேன், இது அமெரிக்க ஸ்டேட் கவர்னர் கதை. நம்ம ராஜ்பவன்ல இருக்கறவர் மாதிரி டெல்லி அனுப்பி வர்ற ஆள் இல்ல, ஜனங்க ஓட்டுப் போட்டு வர்றவர், கிட்டத்தட்ட நம்ம முதலமைச்சர்னு வெச்சுக்கோங்க. அவருக்குக் கீழ ஹெல்த், ரோடு, ஜெயில், சுற்றுச்சூழல்னு டிபார்ட்மென்ட் தலைவருங்க இருப்பாங்க, அவங்கதான் கேபினட். துறையில என்ன நடக்குதுன்னு இவங்க அப்பப்ப எழுதி அனுப்பணும், நிறைய இடத்துல அது வாரா வாரம். ஃப்ளோரிடா அரசியல் சட்டத்துலயே, கவர்னர் அதிகாரிங்ககிட்ட தகவலை எழுத்துல கேட்டு வாங்கலாம்னு இருக்கு.

நான் கொஞ்ச காலம் ஒரு டிபார்ட்மென்ட்ல இந்த ரிப்போர்ட்டைத் தொகுக்கற சீட்ல இருந்தேன். ஃபீல்டுல இருந்து ஒருத்தர் "பாலத்துல விரிசல், லாரிய நிறுத்தணும்"னு எழுதுவாரு. ரெண்டு மேஜை தாண்டி என்கிட்ட வரும்போது "பாலம் தொடர் கண்காணிப்பில் உள்ளது"ன்னு ஆகியிருக்கும். யாரும் பொய் சொல்லல, ஆளாளுக்கு கொஞ்சம் தண்ணி ஊத்தியிருக்காங்க, அவ்ளோதான். பெரிய தப்பே இதுதான், மத்ததெல்லாம் இதுக்குப் பின்னாடிதான்.

தண்ணின்னதும் ஃப்ளின்ட் ஞாபகம் வருது. மிச்சிகன்ல, அப்ப கிட்டத்தட்ட ஒரு லட்சம் பேர் இருந்த ஊரு. 2014 ஏப்ரல்ல, காசு மிச்சம் பண்ண, டெட்ராய்ட் தண்ணிய விட்டுட்டு ஃப்ளின்ட் ஆத்துத் தண்ணிக்கு மாறினாங்க, ஆனா குழாய் அரிக்காம இருக்கப் போட வேண்டிய மருந்தைப் போடல, பழைய குழாயில இருந்து ஈயம் தண்ணியில இறங்க ஆரம்பிச்சிருச்சு. அதே வருஷம் அக்டோபர்ல ஜெனரல் மோட்டார்ஸ், இந்தத் தண்ணி எஞ்சின் பார்ட்ஸை அரிக்குதுன்னு சொல்லி அவங்க ஃபேக்டரிக்கு வேற தண்ணி வாங்கிக்கிட்டாங்க. இரும்புக்கே ஆகாத தண்ணியப் புள்ளைங்க குடிச்சுதுங்க! ஆனா சுற்றுச்சூழல் துறை மேல சொல்லிக்கிட்டிருந்தது என்ன? தண்ணி விதிப்படிதான் இருக்குன்னு. கவர்னர் ரிக் ஸ்னைடர் தானே போட்ட விசாரணைக் குழு 2016 மார்ச்ல குடுத்த அறிக்கையில, துறைங்க அவருக்குக் குடுத்த தகவல்ல நிறைய தப்புன்னு எழுதினாங்க. அதுக்காக கவர்னர் மேல தப்பே இல்லன்னு சொல்ல வரல, ஊர் ஜனம் பாட்டில்ல கலங்கல் தண்ணியப் புடிச்சுக் காட்டினது டிவிலயே வந்துச்சு.

அதனால "விதிப்படி உள்ளது"ங்கற வார்த்தைய மட்டும் எழுதி விட்டுடாதீங்க. எத்தனை வீட்டுல சாம்பிள் எடுத்தோம், என்ன அளவு வந்துச்சு, எல்லை எவ்ளோன்னு நம்பரைப் போடுங்க. ஈயத்துக்கு அங்க அப்ப எல்லை 15 பிபிபி, அதாவது நூறு கோடி பங்குல 15 பங்கு. அதைத் தாண்டின வீடு இத்தனைன்னு ஒரு வரி இருந்தா, படிக்கறவர் அடுத்த கேள்விய அவரே கேட்பாரு.

இன்னொரு தப்பு, இது வெளில தெரிஞ்சிருமோன்னு பயந்து, தெரிய வேண்டிய ஆளுக்கு அனுப்பாம விட்டுடறது. 2014 அக்டோபர்ல கவர்னர் ஆபீஸ் வக்கீல் ஒருத்தர் திரும்ப டெட்ராய்ட் தண்ணிக்கே போயிடலாம்னு மெயில் போட்டாங்க, ஆனா சுற்றுச்சூழல் துறைய காப்பியில சேர்க்கல, தகவல் உரிமைச் சட்டத்துல வெளிய வந்துரும்னு. மிச்சிகன்ல அந்தச் சட்டம் கவர்னர் ஆபீஸுக்குப் பொருந்தாது, துறைங்களுக்குப் பொருந்தும். கடைசில 2016ல மெயிலெல்லாம் வெளிய வந்துச்சு, அதுவும் வந்துச்சு.

அப்புறம் போன வாரத்து ஃபைலைத் திறந்து தேதி மட்டும் மாத்தி அனுப்பறது, நானும் செஞ்சிருக்கேன். ரிப்பன் வெட்டின போட்டோ, மீட்டிங் எண்ணிக்கை எல்லாம் முதல் பக்கத்துல வர்றதும் வழக்கம், அது கடைசிக்குப் போகட்டும். அவசரமான விஷயத்தை வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் வரைக்கும் வெச்சிருக்காதீங்க, ஃபோன் பண்ணிடுங்க, அப்புறமா எழுத்துல போடுங்க. ஒவ்வொரு பிரச்சினைக்குக் கீழயும் "உங்ககிட்ட இருந்து எங்களுக்கு வேண்டியது"ன்னு ஒரு வரி, அதுல பணமா, கையெழுத்தா, சும்மா தகவலுக்கான்னு ஒரே வார்த்தை எழுதினாப் போதும்.