முப்பது பிள்ளைகள், ஐந்து கருவிகள், ஒரே ஸ்வரம்

ஒரே வகுப்பில் ஃப்ளூட், கிளாரினெட், ஆல்டோ சாக்ஸபோன், ட்ரம்பெட், ட்ராம்போன் என்று ஐந்து ஊதுகருவிகளும் இருந்தால், கருவிவாரியாகப் பிரித்துச் சொல்லிக்கொடுக்கலாமா என்றுதான் முதலில் தோன்றும். பிரிக்காதீர்கள். பக்கத்துப் பிள்ளையின் நாதம் காதில் விழ விழத்தான் தன் நாதம் எப்படி இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்குத் தெரிகிறது. பதினாறு வருடமாக சேர்த்து உட்காரவைத்தே நடத்துகிறேன்.

முதல் வருடம் நான் ஒரு தவறு செய்தேன். முதல் நாளே கருவிகளை முழுதாகக் கையில் கொடுத்துவிட்டேன். வகுப்பு முடிவதற்குள் ஒரு கிளாரினெட்டில் கீ, அதாவது விரலால் அழுத்தும் உலோக விசை, வளைந்துபோனது. கிளாரினெட்டைப் பொருத்தும்போது அதன் மேல் துண்டில் உள்ள வளையங்களை அழுத்தினால்தான் இரண்டு துண்டுகளுக்கும் நடுவில் இருக்கும் இணைப்புக் கீ மேலே எழும்பும். அதைச் சொல்லாமல் திருகச் சொன்னது என் பிழை. அன்றிலிருந்து முதல் இரண்டு வாரம் ஊதும் முனை மட்டும்தான்.

அந்த முனையிலேயே கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஃப்ளூட்டின் தலைப்பகுதியை மட்டும் ஊதி, திறந்த முனையை உள்ளங்கையால் மூடச் சொல்லுங்கள். சத்தம் சட்டென்று கீழே இறங்குவதைக் கேட்டு பிள்ளைகள் கண்ணை விரிப்பார்கள். தலை சுற்றினால் உடனே நிறுத்தி உட்காரட்டும். ஃப்ளூட்காரர்கள் காற்றை வீணாக்குவது முதல் வாரத்தில் சகஜம். கிளாரினெட்டில் வாயில் வைக்கும் மவுத்பீஸையும் அதை ஒட்டிய சிறு குழலையும் சேர்த்து ஊதினால் எஃப் ஷார்ப் வர வேண்டும், ஆல்டோ சாக்ஸில் மவுத்பீஸும் கழுத்தும் சேர்ந்து ஏ ஃப்ளாட். இரண்டுமே பியானோவில் கேட்கும் ஸ்வரத்தின் பெயர்கள். சுருதி இறங்கினால் உதடு தளர்ந்திருக்கிறது, ஏறினால் பிள்ளை ரீடை, அதாவது மவுத்பீஸில் அதிரும் மெல்லிய தகட்டை, கடிக்கிறது. சுருதியைக் காட்டும் ட்யூனர் ஒன்றை மேசையில் வையுங்கள், தங்களைத் தாங்களே திருத்திக்கொள்வார்கள். ட்ரம்பெட், ட்ராம்போன் பிள்ளைகள் முதலில் பாடட்டும், அப்புறம் அதே சுருதியில் மவுத்பீஸுக்குள் உதட்டை அதிரவிடட்டும். பாடாமல் ஊதினால் எந்த ஸ்வரத்தில் போய் நிற்கும் என்று சொல்லவே முடியாது.

சரி, முழுக் கருவி கைக்கு வந்தாயிற்று. எல்லோருக்கும் சுலபமான முதல் ஸ்வரம் என்று ஒன்று கிடையாது. பியானோவில் கேட்கும் பி ஃப்ளாட்டை நான் தேர்ந்தெடுக்கிறேன். ஒரே ஸ்வரத்துக்குக் கருவிக்குக் கருவி பெயர் மாறும். ஃப்ளூட்டுக்கும் ட்ராம்போனுக்கும் அதே பெயர். கிளாரினெட்டுக்கும் ட்ரம்பெட்டுக்கும் அது சி. ஆல்டோ சாக்ஸுக்கு ஜி. பலகையில் ஐந்து வரியாக எழுதிப்போடுங்கள். ட்ரம்பெட்டில் எந்த வால்வும் வேண்டாம், ட்ராம்போனின் இழுக்கும் குழல் நீட்டாமல் முதல் நிலையிலேயே இருக்கும். கஷ்டம் கிளாரினெட்டுக்குத்தான்: கட்டைவிரலோடு மூன்று துளைகளை மூட வேண்டும். அதனால் அவர்களை மட்டும் ஒரு வாரம் முன்னாலேயே தொடங்கவைக்கிறேன். கிளாரினெட்டின் பெயர்களில் சொன்னால், எதையும் மூடாமல் ஜி, கட்டைவிரல் வைத்தால் எஃப், ஆள்காட்டி விரல் சேர்ந்தால் ஈ, நடுவிரல் சேர்ந்தால் டி, மோதிரவிரலும் சேர்ந்தால் சி. ஒரு நாளைக்கு ஒரு விரல்.

போன வருடம் ஒரு சின்னப் பெண் டி வரை அழகாக ஊதினாள். சி என்றதும் கீச்சென்றது. உதடு, ரீட், மூச்சு எல்லாம் பார்த்தேன், ஒன்றும் குறையில்லை. "கையை நீட்டும்மா" என்று விரல் நுனிகளைப் பார்த்தேன். மற்ற விரல்களில் துளையின் வட்டம் முழுசாகப் பதிந்திருந்தது. மோதிரவிரலில் பிறை மாதிரி பாதிதான். விரலின் சதைப்பகுதி துளையின் மேல் விழும்படி மணிக்கட்டைக் கொஞ்சம் திருப்பிவைத்தோம், அடுத்த மூச்சிலேயே சி வந்தது. அதிலிருந்து யாருக்குக் கீச்சென்றாலும் முதலில் விரல் நுனியைத்தான் பார்க்கிறேன். பிள்ளைகளும் ஒருவர் விரலை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

மறுபடி பியானோ பெயர்களில் சொன்னால், பி ஃப்ளாட்டுக்கு அடுத்து சி என்று வரிசையாக ஏற வேண்டாம். அது ட்ராம்போனுக்கு ஆறாவது நிலை. சின்னக் கை அவ்வளவு தூரம் எட்டாது, எட்டப் பார்த்தால் தோளே திரும்பிவிடும். எஃப், ஈ ஃப்ளாட், டி மூன்றையும் முதலில் எடுங்கள். ட்ராம்போன் ஒன்று, மூன்று, நான்கு என்ற நிலைகளுக்குள் முடித்துவிடும். இந்த மூன்றே ஸ்வரத்தில் பிள்ளைகளே மெட்டுக் கட்டுவார்கள், கட்டச் சொல்லுங்கள்.

ஊதாத பிள்ளை சும்மா இருக்கக் கூடாது. நான்கு தாளம் ஒரு வரிசை ஊதும்போது மற்றவர்கள் பாடிக்கொண்டே விரலை வைத்துப் பார்ப்பார்கள், அடுத்த நான்கு தாளம் இவர்கள் முறை. ட்ரம்பெட் உதடு சீக்கிரம் களைத்துவிடும், ஊதும் நேரத்துக்குச் சமமாக ஓய்வும் வேண்டும். அந்த ஓய்வு இதிலேயே கிடைத்துவிடுகிறது. நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நீங்கள் நடக்க இடம் விடுங்கள். முன்னால் நின்றால் கடைசி வரிசையின் விரல்கள் தெரியாது.

மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போதே நிறுத்திவிடுவேன். ரீடைக் கழற்றித் துடைத்து அதன் உறைக்குள் வைக்க வேண்டும், கிளாரினெட்டுக்குள் துணியை இழுக்க வேண்டும், ட்ரம்பெட்டின் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். மவுத்பீஸைக் கழுவ வெந்நீர் கூடாது, வெதுவெதுப்பான நீர் போதும். ஒருவர் மவுத்பீஸை இன்னொருவர் வாயில் வைக்கவே கூடாது. ட்ரம்பெட்டில் மவுத்பீஸ் இறுகிக்கொண்டால் குறடு எடுக்காதீர்கள்; அதைக் கழற்றவென்றே ஒரு சாதனம் இருக்கிறது, வகுப்புக்கு ஒன்று வாங்கி வையுங்கள்.